அறுந்த கிளட்ச் கேபிளும் பாகான் டாலாம் பட்டறையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பாகான் டாலாமில், பெர்ரி துறையிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தொலைவில், ஒற்றைக் கடை அகலத்தில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்குமிடம் என்று பலகையில் மலாயில் எழுதியிருப்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பு அங்கே என் யமாஹா வை15இசட்ஆர் வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினேன். மாற்றிய மறுநாளே எழுதாமல் இத்தனை நாள் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. புதுக் கேபிள் போட்ட அன்று எந்த வண்டியின் கிளட்சும் வெண்ணெய் போலத்தான் இருக்கும். கேபிளின் தரமும் அதைப் பூட்டிய கையின் தரமும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகே தெரியவரும். இப்போது 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டேன். இனி எழுதலாம்.

அன்று மாலை ஐந்தரை மணி இருக்கும். ஜார்ஜ்டவுன் லெபு பந்தாயில் சிக்னலுக்காக வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் இருந்தபடி கிளட்சை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்டது. அடுத்த கணம் லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தின் இழுவையைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் கிளட்ச் விடுபடாததால் வண்டி முன்னே ஒருமுறை உந்தி, குலுங்கி, அணைந்து நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் இடைவெளி விட்டு வந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடைவெளி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு வரை என்னை விடவில்லை.

கேபிள் திடீரென்று அறுந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரங்களாகவே அது அறிகுறி காட்டிக்கொண்டுதான் இருந்தது. லீவரை அழுத்தும்போது மணலை அரைப்பது போன்ற ஒரு நெருடல் விரலுக்குத் தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் எளிதில் விழவில்லை. லீவர் அருகிலுள்ள திருகை ஒருமுறை இறுக்கிச் சரிசெய்தால் நான்கே நாளில் மீண்டும் தளர்ந்துவிட்டது. கேபிள் நீளும்போது கிளட்ச் முழுமையாக விடுபடாது என்பதும், அப்படி அடிக்கடி நீண்டுகொண்டே போகும் கேபிளின் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின. நம் நாட்டில் பலர் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற, கப்சாய் எனப்படும் சிறு வண்டிகளில்தான் ஓட்டப் பழகுகிறோம். அவற்றின் கிளட்ச் தானியங்கி என்பதால் கிளட்ச் லீவரும் இல்லை, கேபிளும் இல்லை. அங்கிருந்து வை15, ஆர்எஸ்150ஆர் போன்ற வண்டிகளுக்கு மாறும்போது சங்கிலிக்கும் எண்ணெய்க்கும் காட்டும் கவனத்தை இந்த மெல்லிய கம்பிக்கு நாம் காட்டுவதில்லை.

கிளட்ச் இல்லாமலும் வண்டியை ஓட்ட முடியும். நியூட்ரலில் இயந்திரத்தை இயக்கி, காலால் உந்தி வண்டியை நடைவேகத்திற்குக் கொண்டுவந்து முதல் கியரை மிதித்தால், ஒரு குலுக்கலோடு கிளம்பிவிடும். ஓடத் தொடங்கிய பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென்று தளர்த்தி, கியர்ப் பற்களின் மீதுள்ள இழுவை விலகும் அந்த நொடியில் அடுத்த கியருக்கு ஏறிவிடலாம். கியரைக் கீழே இறக்குவதற்கு வேகமும் ஆக்சிலேட்டரும் ஒத்துப்போக வேண்டும். அது பழக்கமில்லாதவருக்குக் கைவராது. உண்மையான ஆபத்து நிற்பதில்தான் இருக்கிறது. நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும், அல்லது இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். ஆளில்லாத சாலையில் வீடு போய்ச் சேர இந்த வித்தை உதவும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை, வேலை விட்டுப் போகிறவர்களின் நெரிசலில், காற்று அடிக்கும் நேரத்தில் இப்படிக் கடப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு பெர்ரி துறைக்கு நடந்தேன். 2023 ஆகஸ்டு மாதம் முதல் ஓடும் புதிய பெர்ரிகள் கார்களை ஏற்றுவதில்லை என்றாலும் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொள்கின்றன. அன்றைக்கு எனக்கு அது பேருதவியாக இருந்தது. ஏறும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பின்னாலிருந்து கைகொடுத்துத் தள்ளிவிட்டார். அக்கரையான பட்டர்வொர்த்தில் இறங்கி, என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் முன்பு சொல்லியிருந்த இந்தப் பட்டறையைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே முக்கால்.

பட்டறையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு உதவியாக ஓர் இளைஞர் இருக்கிறார். “அண்ணே, கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு, புதுசு ஒண்ணு போடணும்” என்றேன். “போடலாம் தம்பி. அறுந்த துண்டு எங்க? முதல்ல அதைக் காட்டுங்க” என்றார். நான் எத்தனையோ பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். அறுந்த துண்டைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மற்ற இடங்களில் பழைய கேபிளை உருவி எண்ணெய் டின்னுக்குள் எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவார்கள்.

கேபிள் கம்பியின் முனையைப் பிடித்திருக்கும், லீவருக்குள் சிக்கியிருந்த உருளைக் குமிழையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த விரற்கடை நீளக் கம்பியையும் குறட்டால் எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, முறுக்கை ஊசியால் பிரித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். என் கேபிளில் 19 இழைகள் இருந்தன. அவற்றில் பதினான்கின் முனைகள் கறுத்து, துருவேறி, தேய்ந்துபோயிருந்தன. மீதமிருந்த ஐந்து மட்டும் அப்போதுதான் வெட்டியது போலப் பளபளத்தன. கறுத்தவை எல்லாம் பல நாட்களுக்கு முன்பே ஒவ்வொன்றாக அறுந்தவை. பளபளத்தவையே அன்று மாலை கடைசியாக அறுந்தவை. மூன்று வாரங்களாக நான் ஓட்டிக்கொண்டிருந்தது சில இழைகளின் தயவில் என்று அந்தத் துணியின் மேல் கண்ணால் கண்டபோதுதான் உறைத்தது.

அடுத்து, ஏன் அறுந்தது என்று தேடினார். என் வண்டியில் இருந்தது கம்பெனி லீவர் அல்ல. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று ஒரு வருடத்திற்கு முன்பு இணையத்தில் வாங்கிப் பூட்டிய அலுமினிய லீவர். புதுக் கேபிளின் குமிழை அதன் துளைக்குள் வைத்து, லீவரை மெல்ல அழுத்திக் காட்டினார். குமிழ் துளைக்குள் சுழலவே இல்லை. லீவர் திரும்பத் திரும்ப, குமிழும் அதோடு சேர்ந்தே திரும்பியது. கம்பி அதன் கழுத்தில் வளைந்தது. லீவரை விட்டதும் நிமிர்ந்தது. ஒரு நாளில் எத்தனை நூறு முறை கிளட்ச் அழுத்துகிறோமோ அத்தனை முறையும் அதே ஓரிடத்தில் கம்பி இப்படி வளைந்து நிமிர்ந்தால், எந்த எஃகும் சோர்ந்துபோகும். குமிழ் உருளையாகச் செய்யப்பட்டிருப்பதே அது தன் துளைக்குள் சுழன்று, கம்பியை நேராக வைத்திருப்பதற்காகத்தான். என் லீவரில் துளை இறுக்கமாக இருந்தது. அதன் விளிம்பும் கூராக இருந்தது. ஒரு துளி கிரீஸ்கூட அங்கே இல்லை. கிளட்ச் கேபிள்கள் பெரும்பாலும் லீவர் பக்கத்துக் குமிழின் கழுத்தில்தான் அறுகின்றன என்பதற்கான காரணத்தை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இரண்டாவது குறையை ஹேண்டிலைத் திருப்பிக் காட்டினார். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு தீவுப் பக்கம் வேறொரு பட்டறையில் இந்தக் கேபிளை மாற்றியிருந்தேன். ஐந்தே நிமிடத்தில், கூலியோடு 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடித்துக் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் கேபிள் போக வேண்டிய கொக்கியை விட்டுவிட்டு, வேறொரு வழியாக இழுத்து, பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டியிருந்தார்கள். ஹேண்டிலை இடப்புறம் முழுதாகத் திருப்பினால் கேபிளின் உறை ஓரிடத்தில் ஒடிந்து மடங்கியது. உறை மடங்கும் இடத்தில் உள்ளே கம்பி உராயும், லீவர் கனக்கும். போதாக்குறைக்கு, லீவர் பக்கத்து முனையை மூடும் ரப்பர் தொப்பியையும் காணோம். மழைநீர் மேலிருந்து உறைக்குள் இறங்க அது ஒன்றே போதும். கடற்காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் துரு ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? அந்தப் பட்டறையின் மீது எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. மலிவாகச் செய்தது தவறில்லை. வண்டியை என்னிடம் ஒப்படைக்கும் முன் ஹேண்டிலை ஒருமுறை இருபுறமும் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

கேபிள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது நமக்கு அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். அவர் மூன்று கேபிள்களை எடுத்து வைத்தார்: பெயரே அச்சிடாத ஒன்று 8 வெள்ளி, வெளிநிறுவனம் ஒன்று செய்தது 15 வெள்ளி, யமாஹாவின் அசல் உதிரிப்பாகம் 32 வெள்ளி. விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரு சாண் அகல வளையமாக வளைத்து, உள்கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். பெயரில்லாததில் அறுந்த என் கேபிளில் இருந்த அதே நெருடல் புதிதாக இருக்கும்போதே தெரிந்தது. பதினைந்து வெள்ளிக் கேபிள் நன்றாகவே ஓடியது. அசல் பாகத்தில் கம்பி வளைவு இருப்பதையே பொருட்படுத்தாமல் வழுக்கிக்கொண்டு போனது. உறைக்குள் வழவழப்பான பிளாஸ்டிக் உட்குழாய் இருப்பதும், உறையின் முனைகளில் உள்ள உலோகத் தொப்பிகள் ஆடாமல் அழுந்தப் பொருத்தப்பட்டிருப்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கடையில் எந்தக் கேபிள் வாங்கினாலும் இந்த வளையச் சோதனையைச் செய்து பாருங்கள். அட்டைப் பெட்டியின் அழகைவிட அது நம்பகமானது.

உறைக்குள் ஓடும் கம்பி என்ற இந்த அமைப்புக்கு 1896-ஆம் ஆண்டு எர்னஸ்ட் மோனிங்டன் போவ்டன் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் அடிப்படை மாறவில்லை: கம்பி இழுக்க வேண்டுமானால் உறை அசையாமல், சுருங்காமல் எதிர்த்து நிற்க வேண்டும். அதனால்தான் உறையைத் தப்பான வழியில் இழுத்துக் கட்டுவது கம்பியையே கெடுத்த கதையாகிறது. நான் அசல் பாகத்தைத் தேர்ந்தெடுத்தேன். லீவருக்கு இரண்டு வழிகள் சொன்னார்: என் அலுமினிய லீவரின் துளையை உருண்டை அரத்தால் தேய்த்து, கூலி வாங்காமல் சரிசெய்து தருவது, அல்லது 18 வெள்ளிக்கு அசல் லீவர் போடுவது. இரண்டாவதையே செய்யச் சொன்னேன்.

பூட்டும் வேலை ஏறத்தாழ அரைமணி நேரம் எடுத்தது. வண்டியின் முன்பகுதி உறையைக் கழற்றி, கேபிள் போக வேண்டிய பழைய வழியிலேயே, அதற்குரிய கொக்கிக்குள் நுழைத்து இழுத்தார். லீவரின் துளையிலும் குமிழிலும் கிரீஸ் தடவினார். உறைக்குள் கிரீஸ் போடவில்லை. உட்குழாய் உள்ள கேபிளுக்குள் கெட்டியான கிரீஸை அடைத்தால் தூசியைப் பிடித்துவைத்து, நாளடைவில் கம்பியின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்றார். பிறகு லீவர் பக்கத்துத் திருகை முழுவதும் உள்ளே செலுத்தி, ஒன்றரைச் சுற்று மட்டும் வெளியே எடுத்துவைத்து, பெரிய அளவிலான சரிசெய்தலை இயந்திரத்தின் பக்கத்தில் முடித்தார். இப்படிச் செய்தால், பின்னாளில் கேபிள் சற்று நீளும்போது லீவர் பக்கத்துத் திருகில் நாமே இறுக்கிக்கொள்ள இடம் மிச்சமிருக்கும். முந்தைய பட்டறையில் அந்தத் திருகு ஏற்கெனவே பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது.

லீவரின் முனையில் அவர் எஃகு அளவுகோலை வைத்து அளந்ததைப் பார்த்தபோது எனக்கு மனநிறைவு ஏற்பட்டது. கிளட்ச் இழுக்கத் தொடங்குவதற்கு முன் லீவரின் முனை சும்மா அசைய வேண்டிய தூரத்தை 12 மில்லிமீட்டருக்கு வைத்தார். அந்தத் தளர்ச்சி அறவே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அழுத்தப்பட்ட நிலையில் இருந்து, தட்டுகள் வழுக்கிக் கருகும். அளவுக்கு மீறி இருந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாமல், கியர் கடகடத்து விழும். வண்டிக்கு வண்டி அளவு சற்று மாறும் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக இயந்திரத்தை இயக்கிவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பினார். இரண்டு கோடியிலும் தளர்ச்சி மாறவில்லை. இயந்திரத்தின் ஒலியும் மாறவில்லை. ஐந்து நிமிடப் பட்டறையில் விடுபட்டுப்போனது இந்தச் சோதனைதான்.

காத்திருந்த நேரத்தில் இன்னொரு வேலையையும் பார்த்தேன். ஹேண்டிலை உயர்த்திப் பூட்டிய ஓர் ஆர்எக்ஸ்இசட் வண்டிக்குக் கடையில் விற்கும் கேபிள் எட்டவில்லை. அந்த இளைஞர் தேவையான நீளத்துக்குக் கம்பியை வெட்டி, பித்தளைக் குமிழுக்குள் நுழைத்து, முனை இழைகளைத் தூரிகை போல விரித்து, குமிழின் குழிந்த வாய்க்குள் அவை படியும்படி இழுத்து, உருக்கிய ஈயப் பற்றுக்குள் தோய்த்து எடுத்தார். விரிந்த இழைகளின் இடுக்குகளில் பற்று நிரம்பிக் குளிர்ந்ததும் குமிழும் கம்பியும் ஒன்றாகிவிட்டன. அண்ணன் அதை வைஸில் மாட்டி, தன் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகே வண்டியில் பூட்ட அனுமதித்தார். உதிரிப்பாகம் வாங்கி மாட்டுவது மட்டுமே பட்டறைத் தொழில் என்றாகிவிட்ட காலத்தில், இந்தக் கைவேலை இளைய கைக்கு மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது.

வழியில் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். திருகு வைத்த சிறிய பித்தளைக் குமிழ் கடைகளில் கிடைக்கிறது. அறுந்த கம்பியின் முனையில் அதை இறுக்கினால் வீடு வரை போகலாம், ஆனால் கிளட்சின் இழுவைக்கு அது நாளடைவில் நழுவிவிடும் என்பதால் அதை நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது என்றார். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அவர் சொன்ன வழி இன்னும் நல்லது: ஒரு மாற்றுக் கேபிளைப் பழையதற்குப் பக்கத்திலேயே, அதே வழியில் இழுத்துக் கட்டி, இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக்கால் மூடி வைத்துவிட வேண்டும். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். முன்பகுதி உறையைச் சாலையோரத்தில் கழற்ற வேண்டியதில்லை. அந்தப் பதினைந்து வெள்ளிக் கேபிளை வாங்கி அப்படியே கட்டித்தரச் சொன்னேன். கேபிள்கள் இரண்டும் லீவரும் சேர்த்து 65 வெள்ளி, கூலி 15 வெள்ளி, ஆக மொத்தம் 80 வெள்ளி ஆயிற்று. ஒரு கிளட்ச் கேபிளுக்கு இது அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். முதல் பட்டறையில் 15 வெள்ளி கொடுத்து எட்டு மாதத்தில் நடுச்சாலையில் நின்றவன் என்ற முறையில், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அதிலும் பாதி நேரம் உதிரிப்பாகப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் சாரல் உள்ளே வரை அடிக்கும். கையெழுத்துப் பில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை; அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியை எடுப்பதே அரிது. மிகுந்த அவசரத்தில் போகிறவருக்கு அண்ணனின் நிதானம் பொறுமையைச் சோதிக்கும். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், பிரேக் கட்டை மாற்ற இவ்வளவு நேரமா என்று கோபித்துக்கொண்டு போயே விட்டார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தார். புதுக் கேபிள் படிந்து அமரும்போது சற்றுத் தளரும் என்பதால் அரைச் சுற்று இறுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை திருகைத் தொட வேண்டிய தேவை ஏற்படவில்லை. சென்ற வாரம் ரப்பர் தொப்பியை விலக்கி, லீவரை அழுத்தி, குமிழின் கழுத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இழைகள் அத்தனையும் முறுக்கு கலையாமல் இருந்தன. குமிழ் தன் துளைக்குள் தானாகச் சுழன்றது. நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறது.

வார நாட்களில் இரவு ஏழரை வரை பட்டறை திறந்திருக்கும். ஞாயிறன்று மதியத்தோடு மூடிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு முன்பு போனால் கூட்டம் இருக்காது. கேபிள் அறுந்து போகிறவர்கள் அந்த அறுந்த துண்டை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.